ஏரி எந்தப் பக்கம்

சம்பந்தியம்மா முன்னாடி அன்னைக்கு நான் பேசின பேச்சை இப்ப நெனச்சாலும் நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

அவங்க பேரு அய்தே. பக்கத்து ஊரு மசாயாக்காரங்க. என் மக எவெலினைக் கட்டின மார்லனைப் பெத்தவங்க. மார்லன் கட்டட வேலைக்குன்னு பக்கத்து நாடு கோஸ்டாரிகாவுக்குப் போயிட்டான். எவெலின் நிறைஞ்ச வயித்தோட இங்க மனாகுவா பட்டணத்துல என்கூட இருந்தா. புள்ள வயித்துக்குள்ள தலையை மேல வச்சு, காலைக் கீழ விட்டு உக்காந்திருக்கு, திரும்பற மாதிரி தெரியல, வலி எடுத்தா ஒரு நிமிஷம்கூட வீட்ல வச்சிருக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில அடிச்சுச் சொல்லி அனுப்பியிருந்தாங்க. இதைக் கேள்விப்பட்டு அய்தே, சோளமாவுல கறி வச்சு வாழையிலையில கட்டி அவிச்ச நாகதமால் ஒரு கூடை நிறைய எடுத்துக்கிட்டு பஸ் ஏறி வந்து நிக்கிறாங்க, மருமகளை மசாயாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு.

"நீங்க வண்டியை எடுத்துட்டுப் போனா பொழுது சாஞ்சுதான் வர்றீங்க சம்பந்தி. அவளுக்கு வலி வந்தா யார் இருக்கா? எங்க வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூப்பிடு தூரம்."

நல்ல மனசோடதான் சொன்னாங்க. எனக்குத்தான் சுருக்குன்னு ஏறிடுச்சு.

"ஏன், எனக்கு என்ன கேடு? நான் மிக்தாலியா! இந்த ஊர்ல பொம்பளைங்க ஸ்டீரிங்கைத் தொடாத காலத்துலேர்ந்து டாக்சி ஓட்டறவ. கண்ணைக் கட்டி விட்டாலும் மனாகுவாவுல எந்த மூலைக்கும் போய் நிப்பேன். நீங்க பஸ்ஸை விட்டு இறங்கினதுலேர்ந்து ஏரி எந்தப் பக்கம், ஏரி எந்தப் பக்கம்னு கண்டவங்ககிட்ட எல்லாம் கேட்டுக்கிட்டு வந்தவங்க. என் மகளுக்கு நீங்க வழி காட்டப் போறீங்களாக்கும்?"

எங்க ஊர்ல இதைவிடப் பெரிய ஏச்சு கிடையாது. இங்க தெருப் பேரு, வீட்டு நம்பர் எதுவும் யாருக்கும் வேண்டியதில்ல. பனிக்கட்டி ஆலை இருந்த இடத்துலேர்ந்து ஏரிப்பக்கம் ரெண்டு தெரு, ஏறுபக்கம் ஒரு தெருன்னா முடிஞ்சு போச்சு. ஆலை பூகம்பத்துல மண்ணாப் போயி எவ்வளவோ காலம் ஆச்சு, அதைக் கண்ணால பாக்காத சின்னப் பசங்களும் அப்படித்தான் வழி சொல்லுவாங்க. ஏரி வடக்க. சூரியன் ஏறுற பக்கம் ஏறுபக்கம், இறங்குற பக்கம் இறங்குபக்கம். வலது, இடதுன்னு பேசறவனை வெளியூர்க்காரன்னு சிரிப்போம். ஏரி எந்தப் பக்கம்னு கேக்கறவனைப் பத்திச் சொல்லவே வேண்டாம்.

அய்தே முகம் சுண்டிப் போச்சு. "சரி சம்பந்தி, உங்க இஷ்டம்"னு கூடையை வச்சுட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சாங்க. "ஏம்மா இப்படி வாயை விடற?"ன்னு எவெலின் முறைச்சா. நான் நாகதமாலைப் பிரிச்சு வாயில போட்டுக்கிட்டே, "உப்பு கம்மி"ன்னேன்.

அந்த மாசமே எனக்கு விழுந்துச்சு அடி.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலைலேர்ந்து பின்மண்டையில ஆணி அடிச்ச மாதிரி வலி. வெயில் சூடுன்னு நெனச்சு, குளிர்ந்த தண்ணியை உச்சியில ஊத்திக்கிட்டு வண்டியை எடுத்தேன். சந்தை வாசல்ல ஒரு வயசான அம்மா ஏறினாங்க, மடியில ஒரு கேக்கு. அண்ணன் செத்து ஒன்பதாம் நாள் ஜெபமாம். "தூங்குமூஞ்சி மரம் இருந்த இடத்துலேர்ந்து ஏரிப்பக்கம் ரெண்டு தெரு"ன்னாங்க.

மரம் இருந்த இடத்துக்குப் போயிட்டேன். இப்ப அங்க ஒரு செல்போன் கடை. எதுக்க மருந்துக்கடை. ஓரத்துல வாழைக்காய் பொரிச்சு விக்கிற சோகோரோ, அவ அடுப்பு, அவ நாய்கூட எனக்குத் தெரியும். இதுதான் தூங்குமூஞ்சி மரம் இருந்த இடம்னு மாதா மேல சத்தியம் பண்ணுவேன். ஆனா ஏரி எங்க?

இதை எப்படிச் சொல்றதுன்னே தெரியல. ஏரி எனக்குத் தேடிக் கண்டுபிடிக்கிற சாமானா இருந்ததே இல்ல. நடுத்தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் கை அந்தப் பக்கம் நீளும். அன்னைக்கு அது உடம்புலேர்ந்து போயிடுச்சு. நாலு தெரு பிரியுது, நாலும் நான் ஓட்டி ஓட்டித் தேஞ்ச தெரு, எது எங்க கொண்டு போய் விடும்னு தெரியல. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரின்னு சொல்லுவோம். எனக்குக் கண்ணு திறந்திருந்துச்சு, காடும் இல்ல, என் ஊரு. அதுதான் கொடுமை.

ஒரு தெருவுல திரும்பினேன். சுத்திக்கிட்டு வந்தா மறுபடி சோகோரோ அடுப்பு. இன்னொரு தெரு. மறுபடி அதே அடுப்பு. அவ கரண்டியை ஆட்டிக்கிட்டு, "என்ன மிக்தா, வாசனை விட மாட்டேங்குதா?"ன்னு சிரிக்கிறா.

அந்த அம்மா பொறுத்துப் பொறுத்துப் பாத்தாங்க. "ஏம்மா, நீ எந்த ஊரு?"

"இந்த ஊருதாங்க."

"இந்த ஊர்க்காரிக்கு ஏரி தெரியாதா? யாரை ஏமாத்தற? நிறுத்து வண்டியை!"

கேக்கைத் தூக்கிக்கிட்டு இறங்கி, கதவை அறைஞ்சு சாத்திட்டு விறுவிறுன்னு நடந்தாங்க. அவங்க போன பக்கம்தான் ஏரின்னு அப்பத்தான் புரிஞ்சுது. எனக்கு முகமெல்லாம் எரிஞ்சுது. என் வயசுக்கு என்னை யாரும் அப்படிக் கேவலப்படுத்தினதில்ல, ஏறினவங்க பாதி வழியில இறங்கிப் போனதும் இல்ல.

வீட்டுக்கு எப்படி வந்தேன்னு கேக்கறீங்களா? அங்கயே ஓரங்கட்டி ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் எவெலின் சாப்பிட்டாளோ என்னவோன்னு கவலைப்பட்டுக்கிட்டே வண்டியைக் கிளப்பினேன். கை அது பாட்டுக்கு அங்க திருப்பி இங்க திருப்பி வாசல்ல கொண்டு வந்து நிறுத்திடுச்சு. வழியைப் பத்தி நினைக்காத வரைக்கும் வழி இருந்துச்சு, நினைச்சா போச்சு.

மறுநாள் எவெலின் தொட்டிலைத் துடைச்சுக்கிட்டே, "அம்மா, இதைக் கொஞ்சம் ஏரிப்பக்கமா தள்ளேன், சாரல் அடிக்குது"ன்னா. எங்க வீட்ல நாற்காலியை நகர்த்தறதும் அப்படித்தான். நான் தொட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். குத்துமதிப்பா ஒரு பக்கம் தள்ளினேன். நேரா ஜன்னலுக்குக் கீழயே போய் நின்னுச்சு.

"அய்யோ, அது ஏறுபக்கம்மா! தூக்கத்துல நடக்கறியா?"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சா. நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டுக் கொல்லைப்பக்கம் போய், துணி துவைக்கிற சத்தத்துல அழுதேன்.

ஆஸ்பத்திரிக்கு இன்னொருத்தன் டாக்சியில போனேன். டாக்சிக்காரி டாக்சியில போறது எவ்வளவு பெரிய கேவலம்னு டாக்சிக்காரிக்குத்தான் தெரியும். அந்தப் பையன் கண்ணாடியில பாத்து, "அக்கா, உங்க வண்டிக்கு என்ன?"ன்னான். "கியர் பெட்டி"ன்னேன். பொய் அங்கதான் ஆரம்பிச்சுது.

மூளை டாக்டர் ஊரோஸ், சின்ன வயசுக்காரர். என்னைக் கண்ணை மூடிக்கச் சொல்லி, "ஆஸ்பத்திரி வாசல் எந்தப் பக்கம், கையை நீட்டுங்க"ன்னார். நீட்டினேன். கண்ணைத் திறந்தா என் விரல் மருந்து அலமாரியைக் காட்டுது. அவர் சிரிச்சிருந்தா நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அவர் சிரிக்கவே இல்ல. அதுதான் எனக்கு வலிச்சுது. அப்புறம் குழாய் மாதிரி ஒரு மிஷினுக்குள்ள படுக்க வச்சு மண்டையைப் படம் எடுத்தாங்க.

படத்தை வெளிச்சத்துல மாட்டி வச்சுக்கிட்டு டாக்டர் கேட்டார், "உங்க டாக்சி சங்கத்துல வேலை எப்படி நடக்கும்?"

"ஆபீஸ்ல ஒருத்தி மைக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. ஊர் முழுக்க அவ தலைக்குள்ள. ரோட்ல நாங்க. அவ சொல்லுவா, நாங்க போவோம். இதுக்கும் என் தலைவலிக்கும் என்ன தம்பி சம்பந்தம்?"

"வழி கண்டுபிடிக்கறதும் மூளையில ஒரு ஆள் வேலை இல்லம்மா, சங்கம்தான். உள்ள ஆழத்துல கடல் குதிரை மாதிரி வளைஞ்ச ஒரு துண்டு இருக்கு. ஊரோட வரைபடம் அதுகிட்ட. அதை ஒட்டி ஒருத்தர், எவ்வளவு தூரம் வந்தோம்னு அளந்துக்கிட்டே வர்றவர். இன்னொருத்தர் இடத்தைப் பாத்ததும் இது மருந்துக்கடை, இது இன்னார் அடுப்புன்னு அடையாளம் சொல்றவர். உச்சந்தலைக்குப் பின்பக்கம் இருக்கறவருக்கு உங்க வலது கை, இடது கைதான் தெரியும், ஏரியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நெத்திக்குள்ள இருக்கறவர், இப்படிப் போனா சீக்கிரம் போயிடலாம்னு திட்டம் போடறவர். உங்களுக்கு இவங்க எல்லாருமே நல்லா இருக்காங்க."

"எல்லாரும் நல்லா இருந்தா எனக்கு ஏன் ஏரி தெரியல?"

டாக்டர் பென்சிலால பின்பக்கம், உள்வசமா ஒரு சின்னப் புள்ளியைத் தொட்டார். "மைக் போயிடுச்சு. ரத்தம் அடைச்சு இந்த இடம் கெட்டுப்போச்சு. வரைபடத்துல இருக்கற ஏரியை, இதோ இப்ப உங்க இடது கைப்பக்கம்னு மாத்திச் சொல்றது இதோட வேலை. ஆபீஸ்காரி அங்க கத்திக்கிட்டுத்தான் இருக்கா. ரோட்ல உங்களுக்குக் கேக்கல."

அது எனக்கு நல்லாப் புரிஞ்சுது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"அப்ப வீட்டுக்கு மட்டும் எப்படித் தம்பி போய்ச் சேர்றேன்?"

"அது வேற ஆளு. பழக்கத்துக்காரர். அவர் வரைபடமெல்லாம் பாக்கறதில்ல. இந்தக் கடை வந்தா இந்தக் கை, அந்தச் சுவர் வந்தா அந்தக் கை, அவ்வளவுதான். போன வழியிலயே போவார். வழியில யாராவது மறிச்சா அவருக்குச் சுத்திப் போகத் தெரியாது." அப்புறம் பென்சிலைக் கீழ வச்சார். "சில மாசத்துல மத்தவங்க இந்த வேலையையும் சேத்துப் பழகிக்குவாங்க, நிறைய பேருக்குத் திரும்பி வந்திருக்கு. வராமலும் போகலாம். அதுவரைக்கும் ஸ்டீரிங்கைத் தொடாதீங்க. முக்கியமா, வீட்ல சொல்லிடுங்க."

"சொல்றேன்"னேன்.

சொல்லல. யார்கிட்டப் போய் என்னன்னு சொல்றது? சங்கத்துல புதுசா வர்ற பசங்களை ஏரி எந்தப் பக்கம்டான்னு கேட்டுக் கேட்டு அழ வச்சவ நான். எவெலினுக்குச் சொன்னா அடுத்த நிமிஷம் மசாயாவுக்கு போன் போகும். அய்தே பஸ் ஏறி வருவாங்க. அவங்க ஒரு வார்த்தை என்னைக் குத்திப் பேச மாட்டாங்க, அதை நெனச்சாத்தான் எனக்கு உடம்பு கூசுச்சு.

அதுக்குப் பதிலா நான் ஒரு கெட்டிக்காரத்தனம் பண்ணினேன். பழக்கத்துக்காரன் ஒருத்தன் இருக்கான்ல, அவனை வேலை வாங்கினா என்ன? டாக்டர் தொடாதேன்னு சொன்ன ஸ்டீரிங்கை மறுநாளே தொட்டேன். வழக்கம் போலக் காலைல வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்புவேன். வீட்லேர்ந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலேர்ந்து வீடு. வேற எங்கயும் போறதில்ல, யாரையும் ஏத்தறதில்ல. ரொட்டிக்கடை வந்தா இந்தக் கை, குதிரை வரைஞ்ச நீலச் சுவர் வந்தா அந்தக் கை, மழைக்கால்வாய்ப் பாலம் தாண்டினா நேரா. ரோட்டோரம் ஜனங்க கையைக் காட்டிக் காட்டிக் கூப்பிடுவாங்க, நான் முகத்தைத் திருப்பிக்கிட்டுக் காலி வண்டியை ஓட்டிக்கிட்டுப் போவேன். போதும் போதும்ங்கற அளவுக்குக் கை அந்த வழியைப் படிச்சுக்கிச்சு. சாயங்காலம் எவெலின் கால்ல எண்ணெய் தேச்சு விடும்போது, "இன்னைக்குச் சவாரி எப்படிம்மா?"ன்னு கேப்பா. "சுமார்தான்"ம்பேன். மகளை ஆஸ்பத்திரியில சேத்தாப் போதும், மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

அக்டோபர் வந்துச்சு. மழைன்னா மழை, அப்படியொரு மழை. நாள் நெருங்குதுன்னு அய்தே மறுபடி வந்துட்டாங்க, இந்தத் தடவை துணிமூட்டையோட. "நான் வாயே திறக்க மாட்டேன் சம்பந்தி, ஒரு மூலையில படுத்துக்கறேன்"னாங்க. நான் அவ்வளவு பேசினதுக்கப்புறமும். எனக்கு அவங்க முகத்தைப் பாக்க முடியல, போய் பீன்ஸைக் கிண்டிக்கிட்டு நின்னேன்.

ரெண்டு நாள் கழிச்சு, நட்ட நடு மதியம், வானம் கரிச்சட்டி மாதிரி கறுத்துக் கிடக்கு, எவெலின் "அம்மா!"ன்னு கத்தினா. போய்ப் பாத்தா பனிக்குடம் உடைஞ்சு காலடியில தண்ணி.

அப்பவாவது சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரன்கிட்டயும் வண்டி இருந்துச்சு. "நான் ஓட்டறேன்"னு சாவியை எடுத்தது நான்தான்.

எவெலின் பின்சீட்ல, அய்தே மடியில தலை வச்சு. ரொட்டிக்கடை வந்துச்சு, கை திரும்புச்சு. நீலச் சுவர் வந்துச்சு, கை திரும்புச்சு. அடி சக்கைன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். மழைக்கால்வாய்ப் பாலத்துக்கிட்ட வந்தா பாலத்தைக் காணோம். கால்வாய் பொங்கிப் பாலத்து மேல ஓடுது, ஒரு முழு மரம் வேரோட வந்து கம்பியில சிக்கிக் கிடக்கு. நனைஞ்ச ஆம்பளைங்க ரெண்டு பேர் கையை ஆட்டறாங்க, "திருப்பு! திருப்பு! உசுரோட போக மாட்டே!"

வண்டியைத் திருப்பினேன். என்ன பண்ணணும்னு வாய்க்குத் தெரியும், ஜெபமாலை மாதிரி. தெக்க ரெண்டு தெரு போனா உயரமான பாலம், ஏறுபக்கமா அதைத் தாண்டணும், மறுபடி ஏரிப்பக்கம் வந்தா ஆஸ்பத்திரி வாசல். ஆனா தெற்கு எது? வெயில் இருந்தா சூரியனைப் பாத்துக் கணக்குப் போட்டிருப்பேன். சூரியன் எங்க இருக்கு அந்த மழையில? ஏதோ ஒரு கை திருப்பினேன். அப்புறம் இன்னொரு கை.

"அம்மா, இது இறங்குபக்கம்மா," எவெலின் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்றா. "ஏன் வீட்டுப் பக்கமே போற?"

"அங்கயும் தண்ணிடி. எனக்குத் தெரியாதா? சும்மா படு."

மறுபடி திருப்பினேன். நீலச் சுவர், அதுல குதிரை. இன்னும் ரெண்டு திருப்பம். மறுபடி அதே குதிரை.

அய்தே மெல்லச் சொன்னாங்க, "சம்பந்தி, இந்தக் குதிரையை முன்னமே பாத்தோம்."

"நீங்க வாயை மூடிக்கிட்டு வர்றேன்னு சொன்னீங்கல்ல? மூடுங்க!"

மூடிக்கிட்டாங்க. அப்புறம் எவெலின், அவ குரலே இல்ல அது, "அத்தை, ஏதோ வெளிய வருது"ன்னா. அய்தே துணியை விலக்கிப் பாத்தாங்க.

"சேசுவே. கால்."

வண்டியை நடுரோட்ல நிறுத்திட்டேன். கை ரெண்டும் ஸ்டீரிங்லேர்ந்து தானா விழுந்துச்சு.

"எனக்கு வழி தெரியல"ன்னேன்.

"என்னம்மா விளையாட்டு இது? போம்மா!"

"விளையாட்டு இல்லடி. மண்டைக்குள்ள ரத்தம் அடைச்சிருக்கு. ரொம்ப நாளாச்சு. ஏரி எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியல."

அந்த வார்த்தையை, அய்தே முன்னாடி, என் வாயாலயே சொன்னேன். பூமி பிளந்து அப்படியே என்னை முழுங்கிடக் கூடாதான்னு இருந்துச்சு. கண்ணாடியில பாத்தேன். எவெலின் என்னையே பாத்துக்கிட்டிருந்தா. தெரியாத ஊர்ல தெரியாத டாக்சியில ஏறிட்ட மாதிரி ஒரு பார்வை.

அய்தே கேட்டாங்க, "எங்க போகணும்னு தெரியுமா?"

"தெரியும். தெக்க ரெண்டு தெரு. பாலம். அப்புறம் ஏரிப்பக்கம்."

"அப்ப தண்ணியைப் பாருங்க சம்பந்தி! உங்க ஊர் மழைத்தண்ணி எங்க போய் விழும்? ஏரியிலதானே? இங்க அது வலது கைப்பக்கம் ஓடுது. எங்கேர்ந்து வருதோ அது தெற்கு. இடது கைப்பக்கம் திருப்புங்க. கடிகாரம் கட்டியிருக்கீங்களே, அந்தக் கை."

கடிகாரக் கைப்பக்கம் திருப்பினேன். தண்ணி எதுத்து வந்து வண்டியோட மூக்குல மோதுது.

"இப்படியே ரெண்டு தெரு. வெள்ளைக் கம்பி போட்ட ஒரு பாலம் தெரியுது, அதுவா?"

"அதேதான். அதைத் தாண்டணும்."

"மறுபடி கடிகாரக் கை. தாண்டியாச்சு. மறுபடி கடிகாரக் கை. இனிமே தண்ணியோட போங்க, நிறுத்தாம போங்க!"

எந்த இடத்துக்குப் போகணும்னு நான் சொன்னேன், எந்தக் கைன்னு அவங்க சொன்னாங்க. வெளியூர்க்காரி ஒருத்தி வலது இடதுன்னு சொல்லச் சொல்ல, மனாகுவா டாக்சிக்காரி, சின்னப் புள்ள மாதிரி கடிகாரத்தைப் பாத்துப் பாத்து வண்டி ஓட்டினேன். அவங்க ஒரு தடவைகூடத் தப்பாச் சொல்லல.

வாசல்ல ஸ்ட்ரெச்சர் வந்துச்சு. நர்ஸ் பாத்துட்டுக் கத்தினா, "கால் வந்தப்புறமா கொண்டு வர்றீங்க? இவ்வளவு நேரம் எங்க சுத்திக்கிட்டிருந்தீங்க?" கூட ஒருத்தர்தான் வரலாம்னா. நான் முன்னால போனேன், பெத்தவ நான்தானே.

எவெலின் என் பக்கம் திரும்பல. "அத்தை, நீங்க வாங்க"ன்னா.

கதவு சாத்திக்கிச்சு. பெஞ்சுல உக்காந்தேன். முழங்கால்ல கையை வச்சுக்கிட்டு, கடிகாரம் கட்டின கையையே பாத்துக்கிட்டிருந்தேன். என்னெல்லாமோ வேண்டிக்கணும்னு நெனச்சேன், மாதாகிட்ட வேண்டிக்கவும் வெட்கமா இருந்துச்சு.

ரொம்ப நேரம் கழிச்சு அய்தே வந்தாங்க. கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு. "பொண்ணு. அறுத்துத்தான் எடுத்தாங்க. ரெண்டு பேரும் உசுரோட இருக்காங்க சம்பந்தி. பாப்பாவுக்குக் கால் ஒண்ணு நீலமாக் கன்னியிருக்கு, சரியாயிடுமாம். போய்ப் பாருங்க, மாடி ஏறி, நடை முடிவுல திரும்பி..."

பாதியில நிறுத்திட்டாங்க. என்னைப் பாத்தாங்க. கையை நீட்டினாங்க.

நர்சுங்க, காவல்காரன், நடையில நிக்கிற அத்தனை ஜனமும் பாக்க, அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு மாடி ஏறினேன். கதவு வரைக்கும் கொண்டு வந்து விட்டுட்டு அவங்க வெளிய நின்னுக்கிட்டாங்க.

எவெலின் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தா. பக்கத்துல துணியில சுத்தின பாப்பா. நான் தொடல. தொடத் தைரியம் வரல.

"எத்தனை நாளா?"ன்னா.

"அத்தை கூடையோட வந்துட்டுப் போனாங்கல்ல, அந்த மாசத்துலேர்ந்து."

"டாக்டரைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"வண்டி ஓட்டாதேன்னு சொல்லலியா?"

"சொன்னார்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"வெட்கமா இருந்துச்சுடி."

அவ பாப்பாவோட நீலக் காலைத் துணிக்குள்ள மூடினா. அப்புறம் நிதானமாக் கேட்டா, "இவ செத்துப்போயிருந்தா என்னம்மா சொல்லியிருப்ப? மழையாலதான் லேட்டாச்சுன்னு சொல்லியிருப்ப. இல்ல?"

இல்லன்னு சொல்லத்தான் நெனச்சேன். நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அந்த நீலச் சுவர்கிட்டயே அதை மனசுக்குள்ள தயார் பண்ணி வச்சிருந்தேன்.

"ஆமா"ன்னேன்.

அவ அழல, திட்டல. கையை நீட்டி, "சாவி"ன்னா. குடுத்தேன். தலையணைக்கு அடியில வச்சுக்கிட்டா.

"வீட்டுக்கு எப்படிப் போவ?"

"தெரியலடி."

"உக்காரு. அத்தை கூட்டிட்டுப் போவாங்க."

"சரி"ன்னுட்டு உக்காந்தேன்.